சுருக்குப் பையில் இருக்கும் புகையிலை

எலவனாசூர்கோட்டை வட்டாரத்துத் தாய்மார்களே, அக்காமார்களே, ஆயாமார்களே,

நடவுக்கும் களையெடுப்புக்கும் கரும்பு வெட்டுக்கும் நூறு நாள் வேலைக்கும் கிளம்பும்போது வெற்றிலை பாக்கோடு ஒரு துண்டுப் புகையிலையையும் இடுப்பில் முடிந்துகொண்டு போகிறவர்களுக்காக எழுதப்படும் மடல் இது. வெற்றிலையை விட்டுவிட்டு ஹான்ஸ் என்னும் மெல்லும் புகையிலைப் பாக்கெட்டுக்கு மாறிவிட்ட இளம் தாய்மாருக்கும், மூக்குப்பொடியால் பல் தேய்ப்பவர்களுக்கும், பின்கட்டில் உட்கார்ந்து பீடியோ சுருட்டோ பிடிக்கும் வயதான சிலருக்கும் இது பொருந்தும். உளுந்தூர்பேட்டையிலிருந்து கள்ளக்குறிச்சி வழியாகச் சேலம் போகும் சாலையை ஒட்டிய ஊர்களுக்கும், மேற்கே கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து ஊர்களுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

உங்களைத் திட்டுவதற்காக இதை யாரும் எழுதவில்லை. திட்டு உங்களுக்குப் புதிதில்லை. மகன் திட்டுகிறான், மருமகள் முகம் சுளிக்கிறாள், பேரப்பிள்ளை வாய் நாறுகிறது என்று மடியை விட்டு இறங்குகிறது. அவற்றால் யாருடைய பழக்கமும் விட்டதாகத் தெரியவில்லை.

புகைபிடிக்கும் தாய் என்றால் நகரத்தில் கையில் சிகரெட் வைத்திருக்கும் பெண்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறாள். நாட்டின் கணக்கு வேறு. 2016-17-இல் இந்தியா முழுவதும் எடுக்கப்பட்ட வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதைத் தாண்டிய பெண்களில் புகைப்பவர்கள் 2.0 சதவீதம். மெல்பவர்கள், அதக்குபவர்கள், பல்லில் தேய்ப்பவர்கள் 12.8 சதவீதம். புகைக்கும் ஒரு பெண்ணுக்கு, புகையில்லாமல் அதே புகையிலையை வாயில் வைத்திருக்கும் பெண்கள் ஆறு பேர். ஆகவே நம் ஊரில் புகைக்கும் தாய்மாரைப் பற்றிப் பேச வேண்டுமானால், கடைவாயில் அதக்கிக்கொண்டு அண்டை கட்டும், கதிர் அறுக்கும், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்மாரைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

அமெரிக்கப் பெண்களுக்குப் புகைக்கும் பழக்கத்தை விளம்பரம் கொண்டுவந்து கொடுத்தது. 1929-ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளில் நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இளம் பெண்கள் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு ஊர்வலமாக நடந்தார்கள். பெண் விடுதலையின் தீப்பந்தம் என்று பத்திரிகைகள் எழுதின. ஏற்பாடு செய்தவர் சிகரெட் நிறுவனத்திடம் கூலி வாங்கிய எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பரக்காரர். நம் பக்கத்துப் பெண்ணுக்கு அப்படி எவரும் ஊர்வலம் நடத்தவில்லை. அவளுக்கு இது மாமியாரின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து வந்தது. பல்வலிக்கு ஒரு சிட்டிகை வைத்துக்கொள் என்று பக்கத்து வயல்காரி கொடுத்ததில் வந்தது. கர்ப்பத்தில் குமட்டலுக்கு நல்லது என்று யாரோ சொன்னதில் வந்தது. பசியில் வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நிகோட்டின் பசியை அடக்கும். விடிகாலையில் பழைய சோறு தின்றுவிட்டுக் கிளம்பி, மதியம் தாண்டியும் சோறு காணாத வயிற்றுக்கு அந்தத் துண்டு பெரிய துணை. “வாயில போட்டாதான் கை ஓடுது” என்று சொல்லும் பெண் பொய் சொல்லவில்லை. கை ஓடத்தான் செய்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு ஊரில் மதிப்பும் இருந்தது. பழனி முருகனிடம் புகையிலையையே தூதாக அனுப்புவதாகப் பாடிய சீனிச்சர்க்கரைப் புலவரின் ‘புகையிலை விடு தூது’ தமிழில் இருக்கிறது. ஆனாலும் புகையிலை நம் மண்ணுக்கு வந்து நானூறு ஆண்டுக்கு மேல் பெரிதாக ஆகிவிடவில்லை. போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது அது. தாம்பூலத் தட்டு அதற்கும் பல நூற்றாண்டு முந்தியது. கோயிலிலும் கல்யாணத்திலும் வைக்கும் தட்டில் இன்றும் புகையிலைக்கு இடமில்லை. புகையிலையை விட்டால் மரபு கெட்டுவிடும் என்று யாரும் கலங்க வேண்டாம்.

இந்த மடலை எழுத வைத்த செய்தி ஒன்று உண்டு. அதே 2016-17 கணக்கெடுப்பில் ஒரு கேள்வி கேட்டார்கள்: கடந்த ஓராண்டில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ போனபோது, புகையிலையை விடும்படி அவர்கள் உங்களிடம் சொன்னார்களா? புகைப்பவர்களில் 48.8 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். மெல்பவர்களில் ஆம் என்றவர்கள் 31.7 சதவீதம்தான். மெல்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் வாயில் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை கேளாமலே மருத்துவமனைப் படியிறங்கி வந்திருக்கிறார்கள். புகைக்கிற ஆணின் நெஞ்சில் குழாயை வைக்கும் மருத்துவர், பீடியா சிகரெட்டா என்று தானாகவே கேட்கிறார். காய்ச்சலுக்கு வந்த பெண்ணிடம், பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம் அந்தக் கேள்வி எழுவதில்லை. பெண் மெல்வது ஒன்று இயல்பு என்று விடப்படுகிறது, அல்லது கேட்டால் சங்கடம் என்று விடப்படுகிறது. இரண்டுமே தவறு. தவறு உங்களுடையது அல்ல.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்தச் சில வாரங்கள் நாடே நம் மாவட்டத்துப் போதையைப் பற்றிப் பேசியது. கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. செத்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஆனாலும் பேச்சு முழுவதும் ஆண்களின் குடியைச் சுற்றியே போனது. அது நியாயமும்தான், சாவு அங்கே கொத்தாக விழுந்தது. புகையிலை அப்படிக் கொத்தாகக் கொல்வதில்லை. ஒரு ஊரில் ஒருத்திக்குக் கன்னத்தில் புண், இன்னொரு ஊரில் எடை குறைந்த பிள்ளை, வேறொரு ஊரில் வயிற்றிலேயே செத்த பிள்ளை என்று தனித்தனியாக நடக்கிறது. தனித்தனியாக நடப்பதற்கு விசாரணை கிடையாது.

புகைக்கும் தாய்மாரின் கதை நமக்கு மிக அருகிலேயே நடந்திருக்கிறது. ஆந்திரத்தின் வடகடலோரத்தில், ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள் ‘சுட்டா’ என்னும் சுருட்டைப் பிடிப்பார்கள். அதைப் பிடிக்கும் விதம் கேட்பவர்களைத் திடுக்கிட வைக்கும்: நெருப்பு எரியும் முனை வாய்க்குள் இருக்கும். வெளியே தெரிவது எரியாத முனை. நாற்று நட்டுக்கொண்டே, மீன் சுமந்துகொண்டே, காற்றிலும் தூறலிலும் அணையாமல் ஒரே சுருட்டை நெடுநேரம் பிடிக்கலாம் என்பது அதன் வசதி. விசாகப்பட்டினத்து ஆந்திர மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் கோவிந்த ரெட்டி 1950-களில் அந்தப் பக்கத்து நோயாளிகளிடம் வாயின் மேலண்ணத்தில் புற்றுநோய் அதிகம் இருப்பதைக் கண்டு எழுதினார். உலகில் வேறெங்கும் அரிதான இடம் அது. அந்தக் கிராமங்களில் அது அரிதாக இல்லை. 1971-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக 10,169 கிராமத்தாரின் வாயை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். நெருப்பை உள்ளே வைத்துப் பிடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுடைய அண்ணத்தில் வெள்ளைத் திட்டும் சிவப்புத் திட்டும் புண்ணுமாக மாற்றங்கள் வரிசையாகத் தெரிந்தன.

அந்த ஆய்வாளர்கள் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. அடிப்படை ஆராய்ச்சிக்கான டாட்டா நிறுவனத்தைச் சேர்ந்த மேத்தா, பிரகாஷ் குப்தா ஆகியோரின் குழு 1970-களின் பிற்பகுதியில் ஸ்ரீகாகுளம், கேரளத்தின் எர்ணாகுளம், குஜராத்தின் பாவ்நகர் ஆகிய மூன்று மாவட்டங்களில் 36,000 புகையிலைப் பழக்கக்காரர்களைத் தேர்ந்தெடுத்து வீடு வீடாகப் போனது. ஆண்டுதோறும் வாயைப் பார்த்தார்கள். பார்த்ததை அவர்களுக்கே சொன்னார்கள். படம் காட்டினார்கள், நேரில் பேசினார்கள், அடுத்த ஆண்டு மறுபடியும் வந்தார்கள். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. ஐந்தாண்டுத் தொடர் கவனிப்பின் முடிவு 1986-இல் வெளிவந்தபோது, அப்படிப் பேசப்பட்டவர்களிடையே விட்டவர்களும் குறைத்தவர்களும் அதிகம். வாயில் புதிதாக வெள்ளைத் திட்டு வருவது குறைந்திருந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாத ஆயிரக்கணக்கான பெண்கள் அவர்களில் இருந்தார்கள். படிப்பில்லாத பெண்ணுக்குச் சொன்னால் புரியாது என்று இனி யாராவது சொன்னால், ஸ்ரீகாகுளத்தைச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் பக்கம் வருவோம். இது சொல்லக் கடினமான பகுதி. பழக்கத்தோடு பிள்ளை பெற்று, பிள்ளையும் நன்றாகவே வளர்ந்து, இன்று அவன் சென்னையில் வேலை பார்க்கிறான் என்று சொல்லக்கூடிய தாய்மார் உங்களில் பலர். உண்மைதான். புகையிலை எல்லாப் பிள்ளையையும் தொடுவதில்லை. எத்தனை பிள்ளைகளைத் தொடுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1978-லேயே ஓர் இந்திய ஆய்வு, புகையிலை மெல்லும் தாய்மாரின் பிள்ளைகள் எடை குறைந்து பிறப்பதைப் பதிவு செய்தது. பிறகு மும்பையில் பிரகாஷ் குப்தாவும் ஸ்ரீவித்யா சுப்பிரமணியும் 1,217 கர்ப்பிணிகளைப் பிரசவம் வரை பின்தொடர்ந்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். அந்தப் பெண்களில் புகையிலை எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் மிஷ்ரி என்னும் வறுத்துப் பொடித்த புகையிலையைப் பல்லில் தேய்த்தவர்கள். அதை அவர்கள் போதை என்றே நினைக்கவில்லை. பல் துலக்குவதாக நினைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்தும், ஆறு நாள் முன்னதாகவும் பிறந்தன. செத்துப் பிறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு இருந்தது என்பதை 2006-இல் அதே ஆய்வாளர்கள் சொன்னார்கள்.

105 கிராம் என்ன பெரிது என்று தோன்றலாம். மூன்றரைக் கிலோப் பிள்ளைக்கு அது பெரிதில்லை. நம் பக்கத்தில் பிள்ளைகள் இரண்டரைக் கிலோ என்ற கோட்டை ஒட்டித்தான் பிறக்கின்றன. அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் எடை குறைந்த பிள்ளை என்று எழுதிச் சிறப்புக் கவனிப்புக்கு அனுப்புகிறார்கள். கோட்டின் விளிம்பில் இருக்கும் பிள்ளைக்கு 105 கிராம் முழு வாழ்க்கை. தாயின் உடம்பிலும் இருப்பு குறைவு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. பசியை அடக்கும் ஒன்றை, ரத்தம் குறைந்த உடம்பில், இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டிய மாதங்களில் வாயில் வைத்திருக்கிறோம். நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகும். பிறந்த பிறகு தாய்ப்பாலிலும் போகும். துப்பிவிட்டோமே என்பது சமாதானம் ஆகாது. கடைவாயில் இருந்த நேரம் முழுவதும் அது கன்னத்தின் மெல்லிய தோல் வழியாக ரத்தத்துக்குள் கசிந்துகொண்டே இருந்தது.

சுண்ணாம்பு இதில் செய்யும் வேலையைப் பலரும் அறிவதில்லை. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பு வாயின் புளிப்புத் தன்மையைக் குறைத்துக் காரத் தன்மையை ஏற்றுகிறது. காரம் ஏறிய வாயில் நிகோட்டின் பல மடங்கு வேகமாக உறிஞ்சப்படும். வெறும் புகையிலையை வைத்துக்கொண்டால் ஏறாத சுறுசுறுப்பு, சுண்ணாம்போடு வைத்தால் சட்டென்று ஏறுவது இதனால்தான். அதே சுண்ணாம்பு கன்னத்தோலைப் புண்ணாக்கி, புகையிலையில் இருக்கும் புற்று உண்டாக்கும் பொருள்களுக்கு வழியும் திறந்துவிடுகிறது. பாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை: உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1980-களிலேயே புகையிலை சேர்த்த தாம்பூலத்தையும், 2003-இல் கூடிப் பாக்கைத் தனியாகவும் புற்றுநோய் தருவதாக வகைப்படுத்தியது. புகையிலையை விட்டு வெறும் பாக்குக்கு மாறினால் ஆபத்து குறையும், தீராது. பாக்கு தொடர்ந்து மெல்பவர்களுக்குக் கன்னத்துக்குள் தசை நாராக இறுகி, கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறப்பது சுருங்கும். மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடியவில்லை என்றால் அது ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

வாயைப் பார்ப்பதற்கு இயந்திரம் வேண்டாம். நல்ல வெளிச்சம், ஒரு கண்ணாடி போதும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, செந்நிறத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், காரம் பட்டால் முன்பில்லாத எரிச்சல், கழுத்தில் வலியில்லாத கட்டி: இவற்றில் ஒன்று இருந்தாலும் உளுந்தூர்பேட்டை அரசு மருத்துவமனைக்கோ, கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்ப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம், ஆரம்பத்தில் வலிக்காது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் 13 ஊராட்சிப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஏழில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுகளுக்குப் போய் விளக்கு வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005-இல் டாக்டர் ஆர். சங்கரநாராயணன் குழுவினர் அறிவித்தார்கள். நேரத்தோடு கண்ணால் பார்த்ததிலேயே அத்தனை உயிர் மிஞ்சியது.

இனி விடுவதைப் பற்றி. விட நினைக்காதவர்கள் நீங்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த 2016-17 புகையிலைக் கணக்கெடுப்பில், மெல்பவர்களில் 49.6 சதவீதம் பேர் விடும் எண்ணத்தில் இருப்பதாகச் சொன்னார்கள், 33.2 சதவீதம் பேர் முந்தைய ஓராண்டுக்குள் ஒரு முறையாவது விட்டுப் பார்த்தவர்கள். சபரிமலைக்கு மகன் மாலை போட்டபோது, மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வேண்டிக்கொண்டபோது, மகள் கல்யாணத்துக்குள் விட்டுவிட வேண்டும் என்று சபதம் எடுத்தபோது விட்டுப் பார்த்த கதைகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. நாலாம் நாள் மறுபடி கை முடிச்சுக்குப் போயிருக்கும். அதைத் தோல்வி என்று எழுதி வைத்துக்கொண்டு, நமக்கு இது விடாது என்று முடிவுகட்டிவிடுகிறோம். பல தடவை விட்டு விழுந்து எழுந்துதான் உலகெங்கும் பெரும்பாலோர் விட்டிருக்கிறார்கள்.

நாலாம் நாளில் விழுவதற்குக் காரணம் உண்டு. நிகோட்டின் நின்ற முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் உடம்பு அதிகமாகக் கேட்கும். தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கல், எதிலும் மனம் ஒட்டாமை, அடங்காத பசி எல்லாம் அப்போது உச்சத்தில் இருக்கும். பிள்ளையை அடித்துவிடுவீர்கள், மருமகளிடம் எரிந்து விழுவீர்கள். பிறகு நாளுக்கு நாள் தணிந்து, மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். இதை முன்கூட்டியே யாரும் சொல்லித் தராததால், விட்டதால் உடம்பு கெட்டுவிட்டது என்று பயந்து மறுபடி வாயில் வைக்கிறார்கள். அறுவடை நேரத்தில், வீட்டில் விசேஷம் வைத்திருக்கும்போது விட ஆரம்பிக்காதீர்கள். வேலை கொஞ்சம் ஓய்ந்த வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லிவிடுங்கள்: இந்த வாரம் என் கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று. சோறு உண்டதும், வேலைக்கு நடுவில் வரப்பில் உட்காரும்போதும், படுக்கப் போகும்போதும் கை தானாக முடிச்சுக்குப் போகும். அந்த ஆசை வந்தால் சில நிமிடம்தான் நிற்கும். தண்ணீர் குடியுங்கள். கிராம்போ, சோம்போ, ஏலக்காயோ, உப்பில் உலர்த்திய நெல்லிக்காயோ வாயில் போடுங்கள். வறுத்த கடலை இன்னும் நல்லது, பசியும் அடங்கும். பாக்குப் பொட்டலம் மட்டும் வேண்டாம். அதுவே புகையிலைக்குத் திரும்பக் கூட்டிப்போகும்.

வேலை இடம்தான் பெரிய சோதனை. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஒருத்தி மட்டும் வேண்டாம் என்றால், என்னடி பெரிய இவ என்று கிண்டல் வரும். ஆகவே ஒருத்தி தனியாக விடுவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து விடுவது எளிது. இந்த இடத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வாரச் சேமிப்பைக் கணக்குப் பார்த்து வாங்கும் குழுவுக்கு, யார் இந்த வாரம் வாயில் வைக்கவில்லை என்று கேட்கவும் முடியும். சங்கடமில்லாமல் கேட்கக்கூடியவர்கள் நீங்களே.

உடம்பு மிகவும் கேட்டால் மருத்துவ உதவியும் உண்டு. நிகோட்டின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது. அதைச் சாதாரண சூயிங்கம் போல மென்றுகொண்டே இருக்கக் கூடாது. சில தடவை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்தோரம் ஒதுக்கி வைத்து, அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். அதக்கிப் பழகியவர்களுக்கு அது எளிதில் பிடிபடும். ஆனால் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இருதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

மருந்தைப் போலவே பணமும் உதவுமா என்றும் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில், புகைபிடிக்கும் கர்ப்பிணிகள் 612 பேரிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2015-இல் வெளிவந்தது. எல்லோருக்கும் ஆலோசனை கிடைத்தது. பாதிப் பேருக்கு மட்டும், விட்டால் மொத்தம் 400 பவுண்ட் வரை கடையில் பொருள் வாங்கும் சீட்டு என்று சொல்லப்பட்டது. ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 8.6 சதவீதம் பேர் விட்டார்கள். சீட்டும் பெற்றவர்களில் 22.5 சதவீதம் பேர் விட்டார்கள். பணத்துக்காகப் பிள்ளையைக் காப்பாற்றினார்கள் என்று அங்கேயும் சிலர் ஏசினார்கள். வறுமையில் இருக்கும் தாய்க்குப் பணமும் ஒரு கைத்தாங்கல் என்பதை அந்த எண்கள் காட்டுகின்றன.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குத் தவணை தவணையாகப் பணம் தரும் திட்டம் ஏற்கனவே இருக்கிறது, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில். அந்தப் பெயரை இந்த மடலில் சும்மா கடந்துபோக முடியாது. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துயரிலிருந்து பாடுபட்டு 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். 2002-இல் இந்தியாவில் முதன்முதலாகப் புகையிலை விடுவிப்பு மருத்துவ மையங்கள் 13 இடங்களில் தொடங்கப்பட்டபோது, அவற்றில் ஒன்று அடையாறில் அமைந்தது. அவர் பெயரால் கர்ப்பிணிக்குத் தரும் பணத்தோடு, வாயில் என்ன வைத்திருக்கிறாய் தாயி என்ற ஒரு கேள்வியும், விடுவதற்கான ஆலோசனையும் சேர வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் விடாதவளுக்குப் பணத்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பெண்கள் பழக்கத்தை மறைப்பார்கள். மறைத்த பிறகு எந்தச் செவிலியராலும் உதவ முடியாது.

தடைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2013 மே முதல் தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா, மெல்லும் புகையிலைப் பொருள்களுக்குத் தடை. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ததும், ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்ததும் நடந்தன. பெட்டிக்கடையில் தொங்கிய சரம் உள்ளே போனது, விலை ஏறியது, கேட்டவர்களுக்குக் கிடைத்துக்கொண்டும் இருக்கிறது. தடை வேண்டியதுதான். ஆனால் 20 வருடமாக அதக்கிய பெண்ணுக்கு நாளை முதல் கிடைக்காது என்று சொல்லும் அரசு, அவளுக்கு நாளை முதல் தலை சுற்றும் என்பதையும் நினைக்க வேண்டும். 2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பாக்கெட்டுகளில் விடுவிப்பு உதவி எண்ணை அச்சிட வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. நல்ல விதி. கட்டிலிருந்து கிழித்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கும் உதிரிப் புகையிலைக்குப் பாக்கெட் ஏது? அதை வாங்கும் ஆயாவின் கண்ணில் அந்த எண் பட்டதே இல்லை.

கடைக்குப் பிள்ளையை அனுப்புவதை இன்றோடு நிறுத்துங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் புகையிலை விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிட, நீங்கள் வாங்கிவரச் சொன்ன பொட்டலத்தை வழியில் பிரித்துப் பார்க்கும் வயதுதான் அந்தப் பிள்ளைக்கு.

வீட்டு ஆண்களும் இதைப் படிக்கட்டும். இந்தியாவில் 38.7 சதவீதம் பேர் வீட்டுக்குள்ளேயே மற்றவர் விடும் புகையைச் சுவாசிப்பதாக அதே 2016-17 புகையிலைக் கணக்கெடுப்பு சொல்கிறது. திண்ணையில் பீடி பிடித்துக்கொண்டே மனைவியை வெற்றிலைக்காகத் திட்டும் கணவர், முதலில் தன் கட்டைக் கீழே வைக்கட்டும். ஒரே வாரத்தில் இருவரும் சேர்ந்து விட்டால் இரண்டு பேருக்குமே எளிது. கிராம சுகாதார செவிலியர்களுக்கும், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வரும் தன்னார்வலர்களுக்கும்: சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும்போது, வாயைத் திறங்கம்மா என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள். மலைமேல் ஊர்களில் இது இன்னும் முக்கியம். வெள்ளிமலைக்கு அப்பால் இருக்கும் ஒரு தாய்க்குக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து திரும்ப ஒரு நாள் கூலி போகும். அவளுக்கு மருத்துவம் உங்கள் கால் வழியாகத்தான் போய்ச் சேரும்.

தாய்மார்களே, செவிலியர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். கர்ப்பப் பதிவுக்குப் போகும்போது, பேரப்பிள்ளைக்கு ஊசி போட அழைத்துப்போகும்போது, காய்ச்சல் மாத்திரைக்கு நிற்கும்போது, நான் புகையிலை போடுகிறேன், விட வேண்டும், வழி சொல்லுங்கள் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது அவர்கள் வேலை. நேரில் கேட்கக் கூச்சமாக இருந்தால் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுவிப்பு எண்ணைக் கூப்பிடுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த எண்ணை உங்கள் சேமிப்பு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாத ஆயாவுக்குப் பேத்தியை விட்டு அழைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.